பெரியவர்களின் ஆஸ்துமா: உள்வகைகளும் அவற்றைக் கண்டறிதலும்

மூச்சுக்குழாய்களில் நீடிக்கும் அழற்சியால் அவை அவ்வப்போது சுருங்கி, இளைப்பு, வீசிங், நெஞ்சிறுக்கம், இருமல் ஆகியவற்றைத் தரும் நோய் ஆஸ்துமா. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் சுமார் 26 கோடிப் பேருக்கு இந்நோய் இருந்தது, ஏறத்தாழ 4.55 லட்சம் பேர் இதனால் இறந்தனர். பெயர் ஒன்றானாலும் நோய் ஒன்றல்ல. சிறுவயதில் தூசிக்குத் தும்மத் தொடங்கிப் பின்னர் இளைப்பு கண்டவருக்கும், நாற்பது வயதுக்கு மேல் ஒவ்வாமை எதுவுமின்றித் திடீரென மூச்சுத் திணறத் தொடங்கியவருக்கும் உள்ளே நடப்பது வேறு. பலன் தரும் மருந்தும் வேறாகலாம்.

பாஸ்டன் மருத்துவர் பிரான்சிஸ் ராக்கமன் 1947இல் ஆஸ்துமாவைப் புறக்காரணத்தால் வருவது, அகக்காரணத்தால் வருவது என இரண்டாகப் பிரித்தார். 1958இல் இங்கிலாந்தின் ஹாரி மோரோ பிரவுன், நோயாளிகளின் சளியை நுண்ணோக்கியில் பார்த்து, அதில் ஈசினோபில் அணுக்கள் மிகுந்தவர்களுக்கே ஸ்டீராய்டு நன்றாக வேலை செய்கிறது என்று காட்டினார். எளிய சோதனைதான், ஆயினும் அதன் முழுப் பொருளும் உணரப்பட அரை நூற்றாண்டு ஆயிற்று. ஈசினோபில்களைக் குறைக்கும் மெபோலிசுமாப் ஊசியை வகை பாராமல் 362 ஆஸ்துமா நோயாளிகளிடம் சோதித்த ஆய்வு 2007இல் வெளியானது. அறிகுறிகளிலோ மூச்சுத்திறனிலோ குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. 2009இல் லெஸ்டர் நகர ஆய்வாளர்கள், ஈசினோபில் மிகுந்து அடிக்கடி கடுந்தாக்குதலுக்கு உள்ளாகும் 61 பேரை மட்டும் தேர்ந்து அதே மருந்தைக் கொடுத்தபோது தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. 2015இல் அமெரிக்கா அம்மருந்தை அனுமதித்தது. உரியவரைத் தேர்ந்தெடுக்காததால் ஒரு நல்ல மருந்து பயனற்றதாக எண்ணப்பட இருந்தது.

இன்று முதற்பிரிவினை, ஒவ்வாமையோடோ ஈசினோபில் மிகுதியோடோ வரும் வகை-2 அழற்சி உண்டா இல்லையா என்பது. அது உள்ளோரில் ஒவ்வாமை ஆஸ்துமா இளமையிலேயே தொடங்கும். தும்மல், தோல் அரிப்பு, குடும்ப வரலாறு ஆகியவை உடனிருக்கும். நடுவயதில் தொடங்கும் ஈசினோபில் ஆஸ்துமாவில் ஒவ்வாமை குறைவு. மூக்கில் சதை வளர்ச்சியும் சைனஸ் தொல்லையும் மிகுதி. இவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் உயிருக்கே ஆபத்தான தாக்குதலைத் தூண்டும். சீட்டின்றிக் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் இவை என்பதால், மருத்துவர் கேட்காவிட்டாலும் நோயாளியே இதைச் சொல்லிவிட வேண்டும். வகை-2 அழற்சி இல்லாதோரில் உடற்பருமன், புகைபிடித்தல் ஆகியவற்றோடு சேர்ந்த ஆஸ்துமா அடங்கும். அங்கே ஸ்டீராய்டின் அளவைக் கூட்டுவதால் பக்கவிளைவு கூடுமேயன்றிப் பலன் பெரிதாகக் கூடாது.

வகை பார்க்கும் முன் நோய் ஆஸ்துமாதானா என்று உறுதிசெய்ய வேண்டும். ஸ்பைரோமெட்ரியில், மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்துக்குப் பின் முதல் நொடியில் வெளிவரும் காற்று 12 விழுக்காடும் 200 மில்லி லிட்டரும் கூடினால் அது வலுவான சான்று. அக்கருவி இல்லாத இடத்தில் கையடக்கமான பீக் ஃப்ளோ மீட்டரால் காலையும் மாலையும் இரு வாரம் அளந்து குறித்தாலும் ஏற்ற இறக்கம் புலப்படும். அடுத்து இரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை. ஒரு மைக்ரோ லிட்டருக்கு 150 அல்லது அதற்கு மேல் இருந்தால் வகை-2 அழற்சியைக் கருதலாம். ஸ்டீராய்டு மாத்திரை இந்த எண்ணைத் தாழ்த்திவிடும். எனவே மாத்திரை தொடங்குமுன் எடுத்த இரத்தமே நம்பத்தக்கது. மூச்சுக்காற்றில் நைட்ரிக் ஆக்சைடு அளவும், ஒவ்வாமையைக் காட்டும் ஐஜிஇ என்ற எதிர்ப்புரதத்தின் சோதனையும் துணைச் சான்றுகள்.

இச்சோதனைகளோடு நோயாளியின் வேலையைப் பற்றியும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விக்குச் செலவே இல்லை. விடுமுறையில் மூச்சு சீராகி, வேலைக்குத் திரும்பியதும் மோசமானால் தொழில்சார் ஆஸ்துமாவை ஐயுற வேண்டும். ரொட்டி அடுமனையின் மாவும், வாகனப் பெயின்டில் கலக்கும் ஐசோசயனேட்டும் நன்கறியப்பட்ட காரணிகள். நூற்பாலைப் பஞ்சுத்தூசியால் வரும் பிசினோசிஸ் வேறு நோய். அதில் வார விடுப்புக்குப் பின்வரும் முதல் வேலைநாளில் நெஞ்சிறுக்கம் மிகும்.

மேலைநாட்டு அளவுகளை நம் நாட்டில் அப்படியே பொருத்துவதில் ஓர் இடர் உண்டு. குடற்புழுக்களும் யானைக்கால் புழுவும் ஈசினோபிலை உயர்த்தும். அன்றைய சென்னை மாகாணத்தில் மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் காசநோய் மருத்துவமனையின் மருத்துவர்கள், காசநோயைப் போலத் தோன்றிய, ஈசினோபில் மிகுந்த நுரையீரல் நோயொன்றை 1940இல் பதிவு செய்தனர். யானைக்கால் புழுவுக்கு எதிரான மிகைவினையே அது என்பது பின்னர் தெளிவாயிற்று. இரவில் இருமல், வீசிங், 3,000க்கு மேற்பட்ட ஈசினோபில் ஆகியவை அதன் அடையாளம். டையெத்தில்கார்பமசின் மாத்திரை அதற்குச் சிகிச்சை. ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயில் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை தங்கி ஒவ்வாமையைக் கிளப்பும் நோயும் எக்ஸ்ரேயில் காசநோய் நிழலைப் போலவே தெரியும். அதனால் காசநோய் மருந்தை மாதக்கணக்கில் வீணாக உண்டவர்கள் உண்டு. கட்டுப்படாத ஆஸ்துமாவுடன் பழுப்புநிறச் சளிக்கட்டிகள் வெளிவந்தால், காசநோய்க்குச் சளியைச் சோதிப்பதோடு அப்பூஞ்சைக்கான ஐஜிஇ அளவையும் பார்ப்பது கட்டாயம்.