இயேசுவின் அற்புதங்கள்: பாலக்காடு, இடுக்கி எல்லையில் வாழும் விசுவாசிகளுக்கு இன்று என்ன அர்த்தம்?

'அற்புத சுகமளிக்கும் கூட்டம்', 'விடுதலைப் பெருவிழா'. கோவையிலிருந்து வாளையாறு தாண்டிப் போனாலும் சரி, போடிமெட்டு ஏறி மூணாறுக்குப் போனாலும் சரி, இப்படி ஒரு போஸ்டரை எங்காவது நீங்கள் பார்த்திருப்பீர்கள். உங்களோடு வேலை பார்க்கும் நண்பரின் அம்மா இப்படி ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, "சுகமாயிட்டுது" என்று சொன்னதையும் கேட்டிருக்கலாம்.

இயேசு செய்ததாகச் சொல்லப்படும் அற்புதங்களை இன்றைய கிறிஸ்தவர்கள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள்? அப்படியே நடந்தது என்று நம்புகிறார்களா? இன்றும் நடக்கும் என்கிறார்களா? அப்படின்னா டாக்டர் எதற்கு? இந்த எல்லைப் பகுதியை வைத்தே இதைப் பார்ப்போம்.

ஏன் இந்தப் பகுதி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இடுக்கி மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் சுமார் 43 சதவீதம். பாலக்காட்டில் வெறும் 4 சதவீதம். இரண்டு இடத்திலும் இவர்களில் ஒரு பகுதியினர் தமிழர்கள்.

இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன்பு மலை ஏறிய குடும்பங்கள் இருக்கின்றன. பாலக்காட்டின் கிழக்கில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் தமிழ் பேசுவோர் அதிகம். கோவை, கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து, பாலக்காட்டைத் தலைமையிடமாகக் கொண்டு சுல்தான்பேட்டை என்ற புதிய லத்தீன் கத்தோலிக்க மறைமாவட்டம் 2013 டிசம்பர் 28 அன்று உருவாக்கப்பட்டது.

சிரியன் கத்தோலிக்கர், லத்தீன் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., மார்த்தோமா, பெந்தெகொஸ்தே எனப் பல சபைகள் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில்கூட வேறு வேறு சபை. அதனால் அற்புதம் என்ற ஒரே சொல்லுக்கு இங்கே பல அர்த்தங்கள் உண்டு.

இன்னொரு காரணம், தூரம். இடுக்கிக்கு ரயில் கிடையாது. பெரிய சிகிச்சை என்றால் தேனிக்கோ, மதுரைக்கோ, கோட்டயத்துக்கோ மலை இறங்க வேண்டும். அட்டப்பாடி என்றால் பல நேரம் கோவை. கையில் காசு இல்லாமல், ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒருவருக்கு, பக்கத்துச் சபையில் கிடைக்கும் ஜெபம் முதல் உதவியாகவே இருக்கிறது.

பைபிளில் எத்தனை அற்புதங்கள்?

எண்ணுகிற விதத்தைப் பொறுத்து, நான்கு நற்செய்தி நூல்களிலும் சேர்த்துச் சுமார் 35 அற்புதங்கள் தனித்தனியாக விவரிக்கப்படுகின்றன. இவற்றை நான்கு வகையாகப் பிரிக்கலாம்: நோய் குணமாவது, பேய் ஓட்டுவது, இறந்தவர் எழுவது, இயற்கை கட்டுப்படுவது.

மூல கிரேக்கத்தில் இவற்றுக்கு ஒரே சொல் இல்லை. சில இடங்களில் 'வல்லமை' என்ற பொருளில் வரும். யோவான் நற்செய்தியிலோ 'அடையாளம்' என்ற பொருளில் வரும். தமிழிலும் இந்த வேறுபாடு தெரியும். புராட்டஸ்டன்ட் குடும்பங்கள் 'அற்புதம்' என்கின்றன. கத்தோலிக்கர்களிடம் 'புதுமை' என்ற பழைய சொல் உண்டு. அவர்களின் இன்றைய மொழிபெயர்ப்பு 'அரும் அடையாளம்' என்கிறது.

ஏன் இந்தச் சொல் முக்கியம்? 'வல்லமை' என்றால், செய்தவரின் சக்தியைப் பார்க்கிறோம். 'அடையாளம்' என்றால், அது எதைக் காட்டுகிறது என்று கேட்கிறோம். இன்றைய விசுவாசிகளிடையே உள்ள கருத்து வேறுபாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டு பார்வைக்கும் இடையில்தான்.

யாருக்கு நடந்தது என்று பாருங்கள்

இயேசுவிடம் குணமடைந்தவர்களின் பட்டியலை எடுத்தால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரியும். தொழுநோயாளிகள், பார்வையற்ற பிச்சைக்காரர், குளக்கரையில் 38 வருடமாகப் படுத்துக் கிடந்தவர், 12 வருடம் இரத்தப்போக்கோடு அலைந்த பெண். அந்தப் பெண் இருந்த காசை எல்லாம் வைத்தியர்களுக்குக் கொடுத்தும் குணமாகாதவர் என்று மாற்கு எழுதுகிறார். மருத்துவச் செலவில் நொடித்துப்போன ஒரு குடும்பத்தை உங்களுக்குத் தெரியும் என்றால், அந்த வரி உங்களுக்கும் புதிதல்ல.

தீட்டு என்று ஒதுக்கப்பட்டவர்களை இயேசு தொட்டார். உடம்பு சரியானதோடு, அவர்கள் ஊருக்குள் திரும்பவும் வர முடிந்தது. பல இறையியலாளர்கள் அழுத்திச் சொல்வது இதைத்தான்: அற்புதத்தின் பாதி, ஒதுக்கப்பட்டவர் மறுபடி சமூகத்துக்குள் வருவது. உயிர்த்தெழுதலைத் தவிர நான்கு நற்செய்திகளிலும் இடம்பெறும் ஒரே அற்புதம் ஐயாயிரம் பேருக்கு உணவளித்தது. அதுவும் பசி சம்பந்தப்பட்டதுதான்.

அதே பைபிளில், அற்புதத்துக்கு எல்லை போடும் பகுதிகளும் உண்டு. கல்லை அப்பமாக்கச் சொன்னபோது இயேசு மறுத்தார். நிரூபிக்க ஒரு அடையாளம் காட்டு என்று கேட்ட பரிசேயருக்குக் காட்டவில்லை. குணமான தொழுநோயாளியை, ஆசாரியரிடம் போய்க் காட்டச் சொன்னார். அன்றைக்கு ஒருவர் சுத்தமானார் என்று சான்று தருவது ஆசாரியரின் வேலை. பவுல் தன் உடம்பில் இருந்த ஒரு வேதனை நீங்க மூன்று முறை வேண்டியும் அது நீங்கவில்லை.

கத்தோலிக்க சபை எப்படிச் சரிபார்க்கிறது?

இறந்துபோன ஒருவரைப் புனிதராக அறிவிக்க, வழக்கமாக இரண்டு அற்புதங்கள் உறுதிப்பட வேண்டும். ஒன்று அருளாளர் நிலைக்கு, அடுத்தது புனிதர் நிலைக்கு. மறைசாட்சியாகக் கொல்லப்பட்டவர் என்றால் முதல் கட்டத்துக்கு அற்புதம் தேவையில்லை.

குணமானதாகச் சொல்லப்படும் நோயாளியின் ஆவணங்களை முதலில் மருத்துவ நிபுணர்கள் பார்ப்பார்கள். நோய் கடுமையாக இருந்ததா, திடீரென்று குணமானதா, முழுதாகக் குணமானதா, திரும்ப வரவில்லையா, சிகிச்சையால் நடந்திருக்க முடியுமா என்பதே கேள்விகள். 2016-ல் வத்திக்கான் திருத்திய விதிப்படி, 7 பேர் கொண்ட குழுவில் குறைந்தது 5 பேர் 'இன்றைய அறிவியலால் விளக்க முடியவில்லை' என்று சொல்ல வேண்டும். கவனியுங்கள், அற்புதம் என்று டாக்டர்கள் சொல்வதில்லை. அதைச் சொல்வது அடுத்த கட்டத்தில் இறையியலாளர்கள், கடைசியில் போப்.

நம் பக்கத்து உதாரணம், தேவசகாயம் பிள்ளை. 1712-ல் நட்டாலத்தில் பிறந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். 2012-ல் அருளாளர் ஆனார். இதயத்துடிப்பு இல்லை என்று மருத்துவர்கள் சொன்ன ஒரு கருவிலிருந்த குழந்தை, அவரிடம் வேண்டிய பிறகு உயிரோடு பிறந்ததாக வந்த 2013-ஆம் ஆண்டு நிகழ்வு ஏற்கப்பட்டு, 2022 மே 15 அன்று புனிதரானார்.

இன்னொருவர் பரணங்கானத்தின் அல்போன்சா, 2008-ல் புனிதரானவர். பிறவியிலேயே வளைந்திருந்த ஒரு குழந்தையின் கால்கள் நேரானதுதான் அவருக்காக ஏற்கப்பட்ட அற்புதம். ஆனா அல்போன்சாவின் கதையில் யோசிக்க வைப்பது வேறொன்று. சுகம் கேட்டு ஆயிரக்கணக்கானோர் போகும் அந்தக் கல்லறையில் இருப்பவர், பல வருடம் நோயோடு கிடந்து, குணமாகாமலே 1946-ல் 35 வயதில் இறந்தவர்.

பெந்தெகொஸ்தே சபைகள் என்ன சொல்கின்றன?

இவர்கள் பார்வை நேரடியானது. இயேசு அன்று செய்தார், இன்றும் செய்வார். கைவைத்து ஜெபிப்பது, எண்ணெய் பூசுவது, 'சாட்சி' சொல்வது எல்லாம் வாராவாரம் நடக்கும். மலையாளிகளும் தமிழர்களும் சேர்ந்து வளர்த்த சில பழைய சபைகளில் 'தெய்வீக சுகம்' என்ற போதனைக்கு அழுத்தம் மிக அதிகம். முழுநேர ஊழியர்கள் மருந்தே எடுப்பதில்லை. ஆனால் பெரும்பாலான பெந்தெகொஸ்தே குடும்பங்கள் ஜெபமும் செய்கின்றன, மாத்திரையும் போடுகின்றன.

கத்தோலிக்கரிடையேயும் இதே போன்ற கரிஸ்மாட்டிக் இயக்கம் உண்டு. சாலக்குடி அருகே முரிங்ஙூரில் உள்ள டிவைன் தியான மையம், பாலக்காட்டின் அட்டப்பாடியில் உள்ள செகியோன் தியான மையம் இரண்டும் இதற்குப் பெயர் பெற்றவை. குணமளிக்கும் ஜெபங்களில் கூச்சல், நாடகத்தனம், பரபரப்பு கூடாது என்று வத்திக்கான் 2000-ல் ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. இந்த மாதிரிக் கூட்டங்கள் எவ்வளவு பரவியிருந்தன என்பது இதிலிருந்தே தெரியும்.

கேள்வி கேட்டவர்களும் இங்கிருந்தே வந்தார்கள்

இயற்கை விதியை மீறியது என்பதற்கு வரும் சாட்சியைவிட, சாட்சி தவறு என்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று 1748-ல் ஸ்காட்லாந்து தத்துவவாதி டேவிட் ஹ்யூம் வாதிட்டார். நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஆபிரகாம் கோவூர். திருவல்லாவில் 1898-ல் ஒரு மார்த்தோமா போதகரின் மகனாகப் பிறந்து, இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்தவர். ஏமாற்ற முடியாத சூழலில் அமானுஷ்ய சக்தியை நிரூபித்தால் 1 லட்சம் ரூபாய் என்று 1963-ல் சவால் விட்டார். 1978-ல் அவர் இறக்கும் வரை யாரும் அதை வெல்லவில்லை.

நடக்காத அற்புதத்தை என்ன செய்வது?

விசுவாசிக்குக் கடினமான கேள்வி இதுதான். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்கள் புதைந்தன. 66 உடல்கள் கிடைத்தன, 4 பேர் கிடைக்கவே இல்லை. பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள், பல மதத்தினர். புயலை அடக்கியவர் மழையை ஏன் நிறுத்தவில்லை?

சபைகள் இதற்கு ஒரே பதில் தருவதில்லை. கடவுளின் சித்தம் என்பார்கள் சிலர். 'விசுவாசம் போதவில்லை' என்பது இன்னொரு பதில். இதுதான் அதிகம் காயப்படுத்துவது, ஏனென்றால் இழந்தவர் மீதே பழி விழுகிறது. பவுலுக்கே வேண்டுதல் கிடைக்கவில்லை என்பதை நினைவூட்டி, பல போதகர்களும் குருக்களும் இந்தப் பதிலை ஏற்பதில்லை. துன்பத்தில் கூட இருப்பவரே இயேசு என்பது அவர்கள் பதில். சரிவான மலையடியில் யார் லயம் கட்டினார்கள், எச்சரிக்கை ஏன் போய்ச் சேரவில்லை என்பது மனிதர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி என்பார்கள் வேறு சிலர்.

ஆஸ்பத்திரியே அற்புதமா?

பெர்லினில் பிறந்த சகோதரர் ஃபோர்ச்சுனாட்டஸ் 1969-ல் இடுக்கியின் கட்டப்பனைக்கு வந்தார். அவர் தொடங்கிய சிறிய மருந்தகம் செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனையாக வளர்ந்தது. 2005-ல் அங்கேயே இறந்தார். 2014-ல் 'இறை ஊழியர்' என அறிவிக்கப்பட்டார். புனிதர் நிலைக்கான முதல் படி அது.

மருத்துவமே எட்டாத மலையில் மருத்துவத்தைக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் அவர் புனிதராக, மருத்துவத்தால் விளக்க முடியாத ஒன்று நடந்தாக வேண்டும். இயேசுவின் அற்புதங்களை 'நீயும் போய் இதைச் செய்' என்ற கட்டளையாகப் படிக்கும் விசுவாசிக்கு, அந்த மருத்துவமனையே போதுமான அடையாளம்.

உங்கள் வீட்டில் ஒருவர் 'சுகமாயிட்டேன்' என்றால்?

• சண்டை போடாதீர்கள், மருந்தை நிறுத்தவும் விடாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், காசநோய், வலிப்பு மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நன்றாக இருப்பதுபோல் தோன்றும் நாட்களில்தான் நிறுத்தத் தோன்றும்.

• "டெஸ்ட் எடுத்துப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். தொழுநோயாளியை ஆசாரியரிடம் காட்டச் சொன்னதும், வத்திக்கான் மருத்துவக் குழு வைத்திருப்பதும் சரிபார்ப்புதான். பரிசோதிப்பது அவிசுவாசம் ஆகாது.

• ஜெபத்துக்குக் கட்டணம், 'விதை காணிக்கை', மருந்தை விடச் சொல்லும் நிபந்தனை ஆகியவை வந்தால் உஷாராகுங்கள்.

• புற்றுநோய், நீரிழிவு போன்ற பட்டியலிட்ட நோய்களை மந்திரம், தாயத்து போன்ற அற்புத சக்தியால் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது, 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். இந்தச் சட்டம் விளம்பரத்தைத்தான் தடுக்கிறது. ஒருவர் தனக்காகவோ பிறருக்காகவோ ஜெபிப்பதை அல்ல.

• குணமாகவில்லை என்றால், 'உனக்கு நம்பிக்கை போதவில்லை' என்று யாரும் அவரிடம் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை மலை இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கூடப் போங்கள்.