மண் துளைக்கும் கருவியும் வணிகக் குறியும்

சிறு பெட்ரோல் எஞ்சினால் திருகுத் தண்டைச் சுழற்றி, மரக்கன்று நடவும் வேலிக்கால் ஊன்றவும் நிலத்தில் குழி இடுவதும், கடைக்காரர்களால் ‘எர்த் ஆகர்’ என்று விற்கப்படுவதுமான கருவியின் விஷயத்தில், அதை உற்பத்தி செய்யும் ஸ்தாபனம் வணிகக் குறிச் சட்டத்தின் துணையோடு எதுவரை பிரத்தியேக உரிமை கோரலாம் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட வினா. கருவியின் பெயரைச் சட்டம் தாராளமாகக் காக்கட்டும். மண்ணை வாரி மேலே தள்ளுகின்ற அந்த இரும்புத் திருகைக் காக்க அது முற்படலாகாது என்பது என் துணிபு.

ஆழ்துளைக் கிணறு தோண்டவென்று திருச்செங்கோட்டு லாரிகளின் மீது அமைந்த பெரிய ரிக்கை வாங்குபவர் கம்ப்ரஸரையும் எஞ்சினையும் நன்கு பரிசோதித்தே பணம் கொடுப்பார். தோளில் சுமக்கத்தக்க சிறு கருவியை வாங்கும் விவசாயியோ பெயரையும் வர்ணத்தையும் நம்பியே வாங்குகிறார் ஆதலால், போலிப் பெயரால் ஏமாறும் அபாயம் அவருக்கே அதிகம். ஆயினும் துளைக்கும் திறனை வர்ணிப்பதோடு நின்றுவிடும் சொல்லை, நெடுநாள் உபயோகத்தால் தனித்தன்மை எய்தினாலன்றி, இந்தியாவின் 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவு பதிவுக்கு ஏற்பதில்லை. எஞ்சினால் இயங்குவது 7ஆம் வகுப்பிலும் கையால் திருகுவது 8ஆம் வகுப்பிலும் அடங்குவதால், இரண்டையும் விற்பவர் இரண்டிலும் பதிவு செய்துகொள்வது விவேகம்.

வடிவத்தைப் பற்றிய பிரச்சினை இதனினும் கடினமானது. பொருளின் வடிவம் வணிகக் குறியாகலாம் என்று சட்டம் தன் இலக்கணத்திலேயே ஒப்புக்கொண்டபோதிலும், தொழில்நுட்பப் பயனை அடைவதற்கு அவசியமான வடிவத்தை 9(3)ஆம் பிரிவு முற்றாக விலக்குகிறது. பெயருக்கு நெடுநாள் உபயோகம் அளிக்கின்ற சலுகையும் இங்கே இல்லை. இதன் காரணம் எளிது: புதிய கண்டுபிடிப்புக்கான காப்புரிமை 20 ஆண்டுகளில் முடிகிறது, வணிகக் குறியோ பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு முடிவின்றி நீளவல்லது. திருகின் சரிவையும் அலகின் முனையையும் குறியென்று பதிய விட்டால், காலாவதியான காப்புரிமை வேறு வேஷத்தில் நிரந்தரமாக உயிர்பெறும். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1896இல் சிங்கர் தையல் இயந்திர வழக்கிலும், ஐரோப்பிய நீதிமன்றம் 2010இல் லெகோ விளையாட்டுக் கட்டையின் வழக்கிலும் இந்த நியாயத்தையே வற்புறுத்தின.

வர்ணம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஸ்டீல் என்னும் ஜெர்மானிய ஸ்தாபனத்தின் மர அறுவை இயந்திர உறையில் மேலே ஆரஞ்சும் கீழே சாம்பலும் அமைந்த சேர்க்கை செல்லாதென்று கொடுக்கப்பட்ட தீர்ப்பை, ஐரோப்பியப் பொது நீதிமன்றம் 2021 மார்ச்சில் ரத்து செய்தது. எந்த நிறம் எங்கே வருமென்று வர்ணனையில் குறிப்பிட்டிருந்தது அக்குறிக்கு ஆதாரமாயிற்று. இதை நான் வரவேற்கிறேனாயினும், பசுமைக்கிடையே பளிச்சென்று தெரிவதற்காகவே பூசிய ஆரஞ்சு நிறத்தைத் தனியே ஒருவருக்கு உரித்தாக்குவது பாதுகாப்பையே ஏகபோகமாக்குவதாகும்.

தேய்ந்த அலகுக்கு மாற்று அலகு விற்கும் சிறு பட்டறைக்காரர், “இன்ன கருவிக்குப் பொருந்தும்” என்று பிறர் பெயரைக் குறிப்பிடுவதையும் சில ஸ்தாபனங்கள் அத்துமீறலென்று சொல்லக்கூடும். பொருத்தத்தைத் தெரிவிக்க அப்பெயர் நியாயமாகத் தேவைப்படுமிடத்து, உற்பத்தி யாருடையது என்பதில் மயக்கம் விளைவிக்காத அவ்வுபயோகம் அத்துமீறலன்று என்று 30(2)(ஈ) பிரிவு தெளிவாகவே கூறுகிறது.