தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்பு: வார்டு உறுப்பினர்களின் பங்கு என்ன?

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்களை இந்திய தொல்லியல் துறை பராமரிக்கிறது. அந்தப் பட்டியலில் இடம்பெறாத பழைய வீடுகள், படிக்கிணறுகள், கோட்டை வாயில்கள் ஆகியவற்றின் எதிர்காலம் பெரும்பாலும் மாநில அரசுகள், உள்ளாட்சி அமைப்புகளின் முடிவுகளையே சார்ந்துள்ளது.

சட்டம் கூறுவது

1993 ஜூன் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அரசியல் சாசனத்தின் 74-ஆவது திருத்தம், நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு வழங்கத்தக்க 18 பணிகளை 12-ஆவது அட்டவணையில் குறிப்பிடுகிறது. நகரத் திட்டமிடல், கட்டுமான ஒழுங்குமுறை, பண்பாட்டு மேம்பாடு ஆகியவை அவற்றில் அடங்கும். எவற்றை ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டப்பேரவைகளே முடிவு செய்கின்றன.

தேசியச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை புதிய கட்டுமானத்துக்குத் தடை உள்ளது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை முன் அனுமதி அவசியம். 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி, தடையை மீறுவோருக்கு 2 ஆண்டுகள் வரை சிறை அல்லது ரூ.1 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். இதில் விலக்கு அளிக்க வார்டு உறுப்பினருக்கு அதிகாரம் இல்லை.

அகமதாபாத் அனுபவம்

1411-ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷாவால் நிறுவப்பட்ட அகமதாபாத், 2017 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கு இரு பத்தாண்டுகளுக்கு முன்பே, 1996-இல், மாநகராட்சி தனது பாரம்பரியப் பிரிவைத் தொடங்கியிருந்தது. ‘போள்’ எனப்படும் குடியிருப்புத் தொகுதிகளில் மரச்சிற்ப வேலைப்பாடுடைய வீடுகள் உள்ளன. அவற்றில் பல, மக்கள் இன்றும் வசிக்கும் தனியார் சொத்துகள். பராமரிப்புச் செலவு அதிகம் என்பதால், பழைய வீட்டை இடித்துக் கட்டுவதே உரிமையாளருக்கு எளிதாகத் தோன்றுகிறது. இதற்குத் தீர்வாக, பயன்படுத்தப்படாத கட்டுமானப் பரப்பு உரிமையை வேறிடத்தில் பயன்படுத்துவோருக்கு விற்கும் வசதி அளிக்கப்பட்டுள்ளது.

உறுப்பினர் செய்யக்கூடியவை

அனுமதியின்றி நடைபெறும் இடிப்புப் பணிகளை மாநகராட்சியின் கவனத்துக்குக் கொண்டுவருதல், மன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்புதல், வடிகால், தெருவிளக்குப் பணிகளால் பழைய கட்டடங்கள் சேதமடையாமல் கண்காணித்தல், சீரமைப்புக்கு நிதி ஒதுக்க வலியுறுத்துதல் ஆகியவை உறுப்பினரால் இயலும். 3 லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்பதால், குடியிருப்போரின் குறைகளை அங்கும் முன்வைக்கலாம்.

வீட்டை இடிக்க விரும்புபவரும் அதைக் காக்கக் கோருபவரும் ஒரே வார்டின் வாக்காளர்களே. சலுகைத் திட்டங்களை உரிமையாளரிடம் உரிய நேரத்தில் எடுத்துச் சொல்வதன் மூலம், இடிப்பு விண்ணப்பம் வருவதற்கு முன்பே மாற்று வழியை உறுப்பினர் காட்ட முடியும்.