பிக்கிள்பால்

1965இல் அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிட்சார்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகியோர் உருவாக்கிய மட்டை விளையாட்டு. இருவரோ நால்வரோ ஆடலாம்.

மழை அடிக்கடி குறுக்கிடும் கண்டியில், புதிதாகத் தொடங்குவோருக்கு உள்ளரங்கப் பட்மின்டன் தளம் நன்றாகவே கைகொடுக்கும். இரட்டையர் தளத்தின் அளவுதான் இதற்கும்: 44 அடி நீளம், 20 அடி அகலம். வலையை மட்டும் நடுவில் 34 அங்குல உயரத்துக்கு இறக்கிக் கட்ட வேண்டும். பந்து துளையிட்ட பிளாஸ்டிக்காலானது. உள்ளரங்கப் பந்தின் துளைகள் சற்றுப் பெரியவை.

சர்வீஸைக் கீழிருந்து மேலாக, குறுக்கே உள்ள எதிர்க்கட்டத்துக்கு அடிக்க வேண்டும். இரு பக்கமும் பந்து ஒருமுறை தரையில் பட்ட பிறகே அதை அந்தரத்தில் அடிக்கலாம். வலையை ஒட்டிய 7 அடிப் பகுதிக்குப் பெயர் 'கிச்சன்'. அங்கே நின்று அந்தரத்தில் அடிப்பது தவறு. அடித்த வேகத்தில் அதன் கோட்டை மிதித்தாலும் தவறே.

பொதுவாக 11 புள்ளிகளை, 2 புள்ளி முன்னிலையுடன் எட்டும் தரப்பு வெல்லும்.