மண்ணெண்ணெய் குடித்த மொரிஸ் மைனர்

திருகோணமலைக்குச் செல்லும்போதெல்லாம் அன்புவழிபுரத்திலுள்ள ஒரு வீட்டுக்குச் சென்று ஒரு தேநீராவது அருந்தாமல் நான் திரும்பியதில்லை. அந்த வீட்டின் பின்வளவில், வேப்பமர நிழலில் போடப்பட்டிருக்கும் தகரக் கொட்டகைக்குள் ஒரு மொரிஸ் மைனர் பிக்கப் வண்டி நிற்கிறது. அதனைக் கடந்த நான்கு வருடங்களாகச் சிறிது சிறிதாகக் கழற்றித் திருத்திப் பூட்டிக்கொண்டிருப்பவர் எண்பது வயதை நெருங்கும் ஒரு மெக்கானிக். நான் அவரை அண்ணை என்று அழைப்பேன். தமது பெயரை எழுத வேண்டாமென்று கேட்டுக்கொண்டமையால் இங்கும் அவரை அண்ணை என்றே குறிப்பிடுகிறேன்.

இம்முறை சென்றபோது எனக்கு ஒரு எழுத்து வேலை காத்திருந்தது. கொழும்பில் பழைய வாகனங்களைச் சேகரிக்கும் ஒருவர் வண்டிக்கு நல்ல விலை பேசியிருக்கிறாராம். வண்டியுடன் அதன் வரலாற்றையும் ஒரு பக்கத்தில் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறாராம்.

"நீங்கள் பத்திரிகைக்காரர்தானே தம்பி, ஒரு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார் அண்ணை.

அன்று மாலையே கட்டாரில் தொழில் புரியும் அவருடைய பேரன் என்னுடன் தொலைபேசியில் பேசினார். "மாமா, யாழ்ப்பாணத்துக் கதைகளை மட்டும் விட்டுவிடுங்கோ. வாங்குகிற ஆள் யோசிப்பார். இயக்கம் பாவித்த வாகனமோ என்று கேள்வி வரும்" என்பது அவரது வேண்டுகோள். அதில் நியாயம் இல்லையென்று சொல்ல முடியாது. அந்தப் பணத்தில்தான் அவருடைய தங்கையின் படிப்புச் செலவு தங்கியிருக்கிறது.

ஒரு வாகனத்தின் வரலாற்றில் எதனை எழுதலாம், எதனை விடலாம் என்ற அந்தக் கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம்.

மொரிஸ் மைனர் கார் இங்கிலாந்தில் 1948ஆம் ஆண்டு அறிமுகமானது. அதனை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ். பிற்காலத்தில் மினி காரை வடிவமைத்தவரும் அவரே. 1960 டிசம்பரில் பத்து இலட்சமாவது மைனர் வெளிவந்தது. பிரித்தானியாவில் அந்த எண்ணிக்கையைத் தொட்ட முதலாவது கார் அதுதான். 1971 வரையில் ஏறத்தாழ 16 இலட்சம் மைனர்கள் தயாரிக்கப்பட்டன. பிக்கப் வகை 1953இல் வந்தது. காரின் உடலே அதன் சட்டமாகவும் இருக்கும். பிக்கப்பிலோ தனியான இரும்புச் சட்டத்தின் மீது முன்னறையும் பின்தட்டும் ஏற்றப்பட்டிருக்கும். கால் தொன் சுமை ஏற்றலாம் என்பது கணக்கு. எமது ஊர்களில் அந்தக் கணக்கை எவரும் பொருட்படுத்தியதில்லை.

அண்ணையின் வண்டியின் முன்கண்ணாடி நடுவில் பிரிக்கப்பட்ட இரண்டு தட்டைக் கண்ணாடிகளால் ஆனது. 1956இன் இறுதியில் வளைந்த ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது. ஆகவே இது அதற்கு முற்பட்டது. எஞ்சின் 803 சி.சி. கொள்ளளவு கொண்டது. இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகளே உள்ளன. அந்தத் தகட்டிலும் ஒரு வரலாறு இருக்கிறது.

1957ஆம் ஆண்டு முதல் புதிதாகப் பதிவாகும் வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில்தான் தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியிருந்தது. அந்த 1956 ஆகஸ்டில் தமிழரசுக் கட்சியின் மாநாடு திருகோணமலையில் நடைபெற்றது. பல பகுதிகளிலிருந்தும் மக்கள் கால்நடையாகவே அங்கு வந்து சேர்ந்தனர். 1957 பெப்ரவரி 4ஆம் திகதி, சுதந்திர தினத்தன்று, திருகோணமலை மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி கட்ட முனைந்த நடராஜன் என்ற இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1958இல் வடக்கிலும் கிழக்கிலும் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. சிங்கள ஸ்ரீ மீது தார் பூசப்பட்டது. தென்னிலங்கையில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள் மீது தார் பூசப்பட்டது. பண்டாரநாயக்க செல்வநாயகம் ஒப்பந்தம் ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டது. மே மாதத்தில் இனக்கலவரம் வெடித்தது. ஒரேயொரு எழுத்துக்கு இவ்வளவு விலை கொடுத்த நாடு எமது நாடு.

அண்ணையின் வண்டி அதற்கு முன்பே பதிவானதால் எவருடைய தாரும் அதன் மீது படவில்லை. "இது ஸ்ரீக்கு முந்தின வண்டி" என்று அவர் சற்றுப் பெருமையுடன் கூறுவார்.

அதே 1957ஆம் ஆண்டின் ஒக்டோபரில் பிரித்தானியர் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்தனர். அண்ணையின் தந்தையார் அத்தளத்தில் பிற்றராகப் பணியாற்றியவர். வெள்ளைக்காரன் போனதோடு அவருடைய வேலையும் போயிற்று. ஆனால் கடைசல் இயந்திரத்திலும் அரத்திலும் பழகிய கை இருந்தது. வீட்டோடு ஒரு சிறு கராஜைத் தொடங்கினார். மகனும் அங்கேயே தொழிலைக் கற்றார்.

கராஜுகளுக்கு அது நல்ல காலமாக அமைந்தது. 1960களின் தொடக்கத்தில் நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியது. மோட்டார் வாகன இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையில் கட்டுப்பாடு மேலும் கடுமையாயிற்று. புதிய வாகனம் கிடையாது. உதிரிப்பாகமும் அரிது. எனவே இருந்த ஒஸ்டின், மொரிஸ் வாகனங்களைச் சாக விடாமல் காப்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. தார்ப் பீப்பாய்த் தகரத்தில் மட்காட் அடித்தார்கள். தேய்ந்த பாகத்தில் வெல்டிங் வைத்து, கடைந்து, மீண்டும் பூட்டினார்கள். பிரித்தானியாவில் ஒருவர் தமது வீட்டுக் கொட்டகையில் பழைய பிக்கப்பைத் திருத்துவது பொழுதுபோக்கு. எமது நாட்டில் அது தட்டுப்பாடு பெற்ற பிள்ளை.

1977இன் பின்னர் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வாகனங்கள் வந்து குவிந்தன. மொரிஸ்கள் ஓரங்கட்டப்பட்டன. எனினும் யாழ்ப்பாணத்தில் அவை தொடர்ந்து ஓடின. 1985இன் வன்முறைகளை அடுத்துத் திருகோணமலையிலிருந்து இடம்பெயர்ந்த அண்ணையும் குடும்பத்துடன் யாழ்ப்பாணம் சென்று ஒரு கராஜில் வேலைக்குச் சேர்ந்தார். இந்தப் பிக்கப்பை அவர் முதன்முதலாகக் கண்டது அங்குதான். ஒரு பலசரக்குக் கடைக்காரருக்குச் சொந்தமாக இருந்த வண்டி அது.

1990 ஜூன் மாதம் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. பெற்றோல், டீசல், பெட்டரி, சீமெந்து, உரம் எனத் தடைப்பட்டியல் நீண்டது. மின்சாரமும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். பத்திரிகைத் தாள் இல்லாமையால் கோடிட்ட கொப்பித் தாளில் நாளிதழ் அச்சானது. பெற்றோல் கறுப்புச் சந்தையில் மருந்தைப் போல விற்கப்பட்டது. அந்தச் சூழ்நிலையில் இந்த வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின.

1995இன் தொடக்கத்தில் போர் நிறுத்தம் நிலவிய சில மாதங்களில் செய்தி சேகரிக்க யாழ்ப்பாணம் சென்றிருந்த நான் அதனை நேரில் கண்டேன். வீதியெங்கும் வெண்புகை. மண்ணெண்ணெய் வாடை உடையில் ஒட்டிக்கொண்டு கொழும்பு வரையில் வந்தது.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை அண்ணை எனக்கு விளக்கியிருக்கிறார். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் இலகுவில் ஆவியாகாது. ஆகவே ஒரு சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை முடுக்க வேண்டும். அது நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்துவிடலாம். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட விரைவில் தானாகத் தீப்பற்றக்கூடியது. அழுத்தம் கூடிய புதிய எஞ்சின்களில் அது உரிய கணத்துக்கு முன்பே வெடித்துப் பிஸ்டனைத் தட்டும். மொரிஸின் 803 சி.சி. எஞ்சினில் அழுத்த விகிதம் 7.2 மாத்திரமே. அதனால் தாக்குப்பிடித்தது. உண்மையில் இது எவருக்கும் புதிய வித்தையன்று. 1940களில் ஐரோப்பிய உழவு இயந்திரங்கள் பலவும் இதே முறையில்தான் ஓடின. அவற்றில் முடுக்குவதற்கு ஒரு சிறு பெற்றோல் தாங்கியும் உழுவதற்கு ஒரு பெரிய மண்ணெண்ணெய்த் தாங்கியும் இருந்தன. அங்கு தொழிற்சாலை செய்ததை இங்கு கராஜ் செய்தது.

அதற்கு எஞ்சின் விலை கொடுத்தது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே வடிந்து எஞ்சின் ஒயிலை நீர்க்கச் செய்யும். ஒயில் நீர்த்தால் பெயரிங்குகள் தேயும். ஒயிலோ கிடைக்காது. பழைய ஒயிலை வடித்து வடித்து ஊற்றினார்கள்.

அதே 1990களில் தென்னிலங்கையில் மொரிஸ் மைனருக்குப் புதிய உதிரிப்பாகங்கள் செய்யப்பட்டன. அவை பிரித்தானியாவில் பழைய கார்களைப் புதுப்பிப்போருக்குக் கப்பலேறின. ஒரே தீவில் தெற்கில் அந்த வாகனத்துக்குப் புதிய தகடு அடித்துக்கொண்டிருந்த காலத்தில் வடக்கில் அதே வாகனம் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டிருந்தது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதியை யாழ்ப்பாண மக்கள் மறக்க மாட்டார்கள். வலிகாமம் ஒரே இரவில் வெறுமையானது. இலட்சக்கணக்கானோர் கொட்டும் மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சி நோக்கி நகர்ந்தனர். இந்தப் பிக்கப்பின் பின்தட்டில் கடைக்காரரின் வயோதிபத் தாயும் நடக்க இயலாத வேறு சிலரும் இருந்தனர். ஓட்டியவர் அண்ணை. நெரிசலில் வண்டி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. எஞ்சின் குளிர்ந்து நின்றுவிட்டால் மீண்டும் முடுக்கப் பெற்றோல் வேண்டும். அவரிடம் இருந்ததோ சிறு போத்தலில் பாதி. ஆகவே விடியும்வரை எஞ்சினை நிற்கவிடாமல் மெதுவாக உறுமவைத்தபடியே சென்றாராம். அந்த இரவில் மூத்தவர் ஒருவர் வண்டியிலேயே கண்ணை மூடினார். அதனை அண்ணை என்னிடம் ஒரு முறைதான் சொன்னார்.

2002இல் ஏ9 பாதை திறக்கப்பட்டபோது கடைக்காரர் கனடாவுக்குப் புறப்பட்டார். கொடுக்கவேண்டிய கூலிக்கு ஈடாக வண்டியை அண்ணையிடம் விட்டுச் சென்றார். அவர் அதனை ஓட்டிக்கொண்டு வவுனியா வழியாக ஊர் திரும்பினார்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரி வரையில் நீடித்தது. பழைய வாகனங்களின் விலை ஏறியது. அப்போதுதான் அண்ணை இந்தத் திருத்த வேலையைத் தொடங்கினார். 2022இல் எரிபொருள் வரிசைகளில் மக்கள் நாட்கணக்கில் நின்றார்கள். பின்னர் கியூஆர் குறியீட்டுக்கு வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அம்முறை மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. அன்புவழிபுரத்திலிருந்து வெகுதூரமில்லாத சீனக்குடாவில், பிரித்தானியர் தமது கடற்படைக்காகக் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் கொள்ளக்கூடியது.

இனித் திருத்த வேலைக்கு வருகிறேன். சட்டம் முழுவதையும் கம்பித் தூரிகையால் சுரண்டி ரெட் ஒக்சைட் பூசியாயிற்று. கடற்காற்று வீசும் ஊரில் துரு காத்திருக்காது. முன்சக்கரங்களைத் தாங்கும் திருகு மூட்டுகள் இரண்டும் மாற்றப்பட்டுவிட்டன. அவற்றுக்குக் கிரீஸ் தவறினால் சக்கரம் மடிந்து வண்டி மூக்குக் குப்புற விழும். மைனர் வைத்திருந்த எவரும் அறிந்த நோய் அது. ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும் பிரேக் சிலிண்டரும் புதிது. எஞ்சின் பெற்றோலில் அமைதியாக ஓடுகிறது.

எஞ்சியிருப்பது ஒரேயொரு வேலை. எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலுள்ள தகட்டில் ஒரு துவாரம். அதன் அருகே கையால் வளைத்த ஒரு கம்பிக் கொக்கி. பெற்றோல் போத்தல் தொங்கிய இடம் அது. குழாய் அந்தத் துவாரத்தினூடாகக் காபரேட்டருக்குச் சென்றது. தொழிற்சாலையிலிருந்து வந்த தோற்றம் வேண்டுமானால் துவாரத்தை அடைத்துப் பெயின்ற் பூச வேண்டும். அரை மணித்தியால வேலை.

"எல்லாம் செய்துபோட்டன் தம்பி, இதுக்குத்தான் கை வருகுதில்லை" என்றார் அண்ணை.

பத்திரிகையில் இருந்த காலத்தில் நான் எழுதிய பல பத்திகளைத் தணிக்கை அதிகாரியின் பேனா வெட்டியிருக்கிறது. வெட்டுவார் என்று அறிந்து நானே எழுதாமல் விட்டவை அதனிலும் அதிகம். இன்றுவரை என்னை உறுத்துவது அவர் வெட்டியவை அல்ல, நான் விட்டவைதான். ஆகவே அன்றிரவு அமர்ந்து முழுவதையும் எழுதினேன். இலக்கத் தகடு, மண்ணெண்ணெய், நாவற்குழிப் பாலம், ஏ9 பாதை அனைத்தும் அந்தப் பக்கத்தில் உள்ளன. அந்த வண்டி எந்த இயக்கத்துக்கும் உரியதாக இருந்ததில்லை, ஒரு கடைக்காரரின் வண்டியாகவே இருந்தது என்பதையும் எழுதினேன். பேரனுக்கும் அனுப்பிவைத்தேன். அவர் இரண்டு நாட்கள் பேசவில்லை. பின்னர், "தாத்தா சம்மதமென்றால் அப்படியே கொடுங்கோ மாமா. இந்தப் பாலத்துக் கதை எனக்கே தெரியாது" என்று மட்டும் சொன்னார்.

கொழும்பிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. விலை குறையலாம். வாங்காமலும் விடலாம். அந்தப் பெண்பிள்ளையின் படிப்பை நினைக்கும்போது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

துவாரம் அடைக்கப்படவில்லை. அதன் விளிம்பைச் சுற்றித் துருப் பிடிக்காதவாறு அண்ணை பெயின்ற் பூசியிருக்கிறார்.