ஜோ டர்னர்: ஒரு கோல்கீப்பரின் பெயர் கோப்பைக்கு வந்த வரலாறு

வட அமெரிக்காவின் முதல்நிலை ஐஸ் ஹாக்கிப் போட்டியான என்.எச்.எல். பதிவேட்டில் ஜோ டர்னருக்கு இருப்பது ஒரே வரி: ஓர் ஆட்டம், 70 நிமிடம், விட்ட கோல் 3, முடிவு சமநிலை. ஆனால் அவர் பெயர் தாங்கிய கோப்பைக்காக அரை நூற்றாண்டுக்கும் மேலாக அணிகள் மோதின. இந்த முரணுக்கான விடையை ஆட்டத்திறனில் மட்டும் தேட முடியாது. துணை லீகுகளின் அமைப்பு, இரண்டாம் உலகப் போர், எல்லையோர நகரம் ஒன்றின் ஊர்ப்பற்று ஆகிய மூன்றும் அதில் பங்கு வகித்தன என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இடம் கிடைக்காத காலம்

டர்னர் 1919இல் கனடாவின் வின்ட்சர் நகரில் பிறந்தார். ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்காவின் டெட்ராய்ட். 1941–42 பருவத்தில் என்.எச்.எல்.லில் இருந்தவை ஏழு அணிகள்; ஓர் அணிக்கு ஒரு கோல்கீப்பர் என்பதே அன்றைய நடைமுறை. ஆகவே நல்ல கோல்கீப்பர்கள் பலர் துணை லீகுகளிலேயே ஆடிவந்தனர். டர்னரும் டெட்ராய்ட் ரெட் விங்ஸின் துணை அணியான இண்டியானாபோலிஸ் கேப்பிடல்ஸுக்கு, அமெரிக்கன் ஹாக்கி லீகில் ஆடினார்.

1942 பிப்ரவரியில், ரெட் விங்ஸின் வழக்கமான கோல்கீப்பர் ஜானி மவர்ஸ் ஆட இயலாதபோது டர்னருக்கு அழைப்பு வந்தது. எதிரணி டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ். முகக்கவசம் வழக்கத்தில் இல்லாத நாட்கள் அவை. பாய்ந்து வரும் ரப்பர் வட்டான பக்கை வெறும் முகத்தோடுதான் எதிர்கொள்ள வேண்டும். ஆட்டம் 3–3 என முடிந்தது. 60 நிமிட ஆட்டம் 70 நிமிடமானது அன்றிருந்த பத்து நிமிடக் கூடுதல் நேரத்தால். போர்க்கால ரயில் பயணக் கட்டுப்பாடுகளால் அதே ஆண்டு நவம்பரில் லீக் அந்த விதியைக் கைவிட்டது.

அந்த வசந்தத்தில் ரெட் விங்ஸ், என்.எச்.எல். சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பை இறுதியில் 3–0 என முன்னிலை பெற்றும் டொரன்டோவிடம் தொடரை இழந்தது. டர்னரின் இண்டியானாபோலிஸ் அணியோ ஹெர்ஷி பேர்ஸை வென்று அமெரிக்கன் ஹாக்கி லீகின் கால்டர் கோப்பையைக் கைப்பற்றியது.

களம் மாறியது

போர்க்காலத்தில் படையில் சேர்ந்த ஹாக்கி வீரர்கள் பலர் சீருடையிலும் ஆடினர். கனடிய விமானப்படையில் சேர்ந்த பாஸ்டன் அணியின் புகழ்பெற்ற மூவர், அப்படையின் ஒட்டாவா அணிக்காக 1942இல் கனடிய அமெச்சூர் ஹாக்கியின் ஆலன் கோப்பை வென்றது இதற்குச் சான்று. டர்னர் சென்ற வழி வேறு. கனடியரான அவர் அமெரிக்கத் தரைப்படையில் சேர்ந்து இரண்டாம் லெப்டினன்ட் ஆனார். 1944–45 குளிர்காலத்தில், ஜெர்மனியின் ஹுர்ட்கன் காட்டுப் போர்முனையில் உயிரிழந்தார்.

கோப்பையும் லீகும்

1945 டிசம்பரில் வின்ட்சரில் இன்டர்நேஷனல் ஹாக்கி லீக் தொடங்கப்பட்டது. அணிகள் நான்கு: டெட்ராய்டுக்கு இரண்டு, வின்ட்சருக்கு இரண்டு. சாம்பியன் கோப்பைக்கு டர்னரின் பெயரிட்டதில் ஒரு பொருத்தம் இருந்தது: வின்ட்சரில் பிறந்து, டெட்ராய்டுக்கு ஆடி, அமெரிக்கச் சீருடையில் இறந்தவர் அவர். 1946இல் முதல் வெற்றியாளர் டெட்ராய்ட் ஆட்டோ கிளப்.

லீக் மெல்ல வளர்ந்து, 1990களில் லாஸ் வேகாஸ், ஹூஸ்டன், ஆர்லாண்டோ வரை பரவி, 2001இல் கலைந்தது. 2007இல் வேறொரு லீக் அதே பெயரை ஏற்று கோப்பையையும் மீட்டது. ஃபோர்ட் வேய்ன் கோமெட்ஸ் 2008 முதல் 2010 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றதோடு அதுவும் நின்றது.

முடிவுரை

கடற்படைப் பணியில் 1944இல் இறந்த ஹாக்கி வீரர் ரெட் காரெட்டின் பெயரிலான விருதை அமெரிக்கன் ஹாக்கி லீக் தன் சிறந்த புதுமுக வீரருக்கு இன்றும் வழங்குகிறது. அந்த லீக் நிலைத்தது, விருதும் நிலைத்தது. டர்னர் கோப்பைக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. தியாகத்தின் அளவு அல்ல, அதை ஆண்டுதோறும் நினைவூட்டும் அமைப்பின் ஆயுளே பெயரின் ஆயுளைத் தீர்மானித்தது.