பொறி புனேயில், கண் தொலைவில்: மீக்கணினியும் தொலைத்திரையும்

உயர்திறன் கிரே கணினிகளை இந்தியாவுக்கு விற்க அமெரிக்கா தயங்கிய சூழலில், 1988இல் புனேயில் சி-டாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் 1991இல் அங்கு உருவான பரம் 8000 மீக்கணினியின் கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அக்கதையில் பெரும்பாலும் வேகமே பேசப்படுகிறது. பொறி ஓர் ஊரிலும் அதைப் பயன்படுத்தும் ஆய்வாளர் வேறோர் ஊரிலும் இருக்கையில், கணக்கின் விளைவைக் கண்ணால் காண்பது எப்படி என்ற கேள்விக்கும் ஒரு வரலாறு உண்டு.

அது 1984இல் எம்.ஐ.டி.யில் தொடங்குகிறது. அங்கு ராபர்ட் ஷீஃப்லரும் ஜிம் கெட்டிஸும் உருவாக்கிய எக்ஸ் சாளர அமைப்பு, ஓரிடத்தில் இயங்கும் நிரலின் சாளரத்தை வேறோர் இடத்தின் திரையில் வரையச் செய்தது. அதன் பதினோராம் பதிப்பு 1987இல் வெளிவந்தது. லினக்ஸ் உலகம் பல்லாண்டுகள் அதன்மீதே நின்றது. மாணவர்களை இன்றும் குழப்பும் ஒரு செய்தி இதில் உண்டு. எக்ஸ் அமைப்பில் ‘சர்வர்’ எனப்படுவது பயனரின் மேசையில் உள்ள திரையே. தொலைவிலுள்ள பெரும்பொறியின் நிரல்தான் அதன் ‘கிளையன்ட்’.

வளாக வலைப்பின்னலுக்கு இவ்வமைப்பு பொருந்தியது, நெடுந்தொலைவுக்குப் பொருந்தவில்லை. ஒரு பட்டியைத் திறக்கவே நிரலுக்கும் திரைக்கும் இடையே செய்திகள் பலமுறை சென்று திரும்பவேண்டும். ஒவ்வொரு பயணமும் தாமதத்தைக் கூட்டும். இணைப்பு அறுந்தால் அச்சாளரத்தோடு நிரலும் மாய்ந்துவிடும். ஃபின்லாந்தில் தாத்து யிலோனன் 1995இல் உருவாக்கிய எஸ்எஸ்எச், கடவுச்சொல் திருட்டைத் தடுத்து, எக்ஸ் சாளரங்களையும் மறைகுறியாக்கிக் கொண்டுவந்தது. பாதுகாப்பு கிடைத்தது, தாமதமும் அறுதலும் நீடித்தன.

திருப்பம் கேம்பிரிட்ஜில் நேர்ந்தது. ஒலிவெட்டியின் ஆய்வகத்தில் உருவான விஎன்சி, 1998இல் பொதுப்பயன்பாட்டுக்கு வந்தது. அது திரையையே சேவையகத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. நிரலும் அது வரையும் திரையும் ஒரே பொறிக்குள் இருப்பதால், பட்டியைத் திறக்கும் செய்திப் பயணங்கள் உள்ளேயே முடிகின்றன. வெளியே வருவது மாறிய படப்பகுதி மட்டுமே. விடுதி அறையில் மின்சாரம் போனாலும், சேவையகம் இயங்கும்வரை பணி அங்கேயே காத்திருக்கும். பெரும் உருவகக் கோப்பை மெல்லிய இணைப்பில் இறக்குவதைவிட, அதன் படத்தை மட்டும் பெறுவது எளிது. நல்ல இணைப்போ விலையுயர்ந்த கணினியோ இல்லாத மாணவருக்கு இவ்வேறுபாடு பெரியது.

ஆனால் விஎன்சியின் மரபான கடவுச்சொல் முறை முதல் எட்டு எழுத்துகளையே கணக்கில் கொண்டது. அதன்பின் செல்லும் தரவை மறைக்கவும் இல்லை. ஆகவே, விஎன்சியைச் சேவையகத்தின் உள்முகவரியில் மட்டும் இயக்கி, அதன் 5901ஆம் போர்ட்டை எஸ்எஸ்எச் சுரங்கத்தின் வழியே அணுகும் முறை வழக்கமாயிற்று. புதிதாக வரும் மாணவருக்குத் தேவையற்ற சுற்றுவழியாகத் தோன்றும் இம்முறையில் மூன்று காலங்கள் அடுக்கடுக்காக உள்ளன: சாளரம் 1984ஐச் சேர்ந்தது, சுரங்கம் 1995ஐ, நிலைத்திருக்கும் திரை 1998ஐ. ஓர் அடுக்கை விலக்கினால் அது தீர்த்த சிக்கல் மீண்டும் தலைதூக்கும்.

2015இல் தொடங்கிய தேசிய மீக்கணினித் திட்டத்தின் கீழ், புனே ஐசர் நிறுவனத்தில் பரம் பிரம்மா அமைந்தது. இத்தகைய பொறிகளில் பலரும் ஒரே நுழைவுக் கணுவைப் பகிர்ந்துகொள்கின்றனர். அறுந்த இணைப்புக்காகக் காத்திருக்கும் திரை ஒருவருக்கு அரண். மூடப்படாமல் விடப்பட்ட நூறு திரைகள் எல்லோருக்கும் உரிய நினைவகத்தை விழுங்கும். எனவே வரைகலைத் திரையை மறுக்கும் நிர்வாகியிடமும், அதைக் கேட்கும் மாணவரிடமும் நியாயம் உண்டு. கால வரம்பும் தனிக் கணுவும் இருதரப்புக்கும் இடம் தரக்கூடியவை.

மீக்கணினியின் வரலாறு டெராஃப்ளாப் கணக்கில் எழுதப்படுகிறது. அப்பொறியை எத்தனை தொலைவிலிருந்து, எவ்வளவு எளிய கருவியைக்கொண்டு ஒரு மாணவர் அணுக முடிந்தது என்பதும் அவ்வரலாற்றில் இடம்பெற வேண்டும்.